டிராகனுக்கு ரிவர்ஸ் இல்லை

அவர் எங்கள் வீட்டுக்குள் இருக்கிறாரா இல்லையா என்பதை வாசலில் கிடக்கும் செருப்பை வைத்தே சொல்லிவிடலாம். பத்துச் சோடி கிடந்தால் ஒன்பது சோடி கழற்றியது கழற்றினபடி, வீட்டுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு கிடக்கும். ஒரு சோடி மட்டும் குதிகாலைச் சுவரோடு ஒட்டி, மூஞ்சி படிக்கட்டைப் பார்த்தபடி, ஒன்றையொன்று இடிக்காமல் நிற்கும். வாசலுக்கு வந்ததும் மனிதர் முதலில் திரும்புவார். பிறகு பின்பக்கமாக ஒரு அடி வைத்து, இரண்டு பக்கமும் பார்த்து, அப்படியே செருப்பை விட்டுவிட்டு உள்ளே வருவார். அம்மா முதல்தரம் இதைக் கண்டபோது, அந்தத் தம்பிக்கு ஏதும் சுகமில்லையோ என்று என்னை அடுப்படிக்குள் கூப்பிட்டுக் கேட்டார்.

சுகமெல்லாம் நல்ல சுகம்தான். ஆள் ஸ்கூல் வான் ஓட்டினார், அவ்வளவுதான். எங்கள் ஒழுங்கை ஒரு ஒடுங்கின சந்து, வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்கும். கடலைக் காணுமுன்பே ஒரு மதிலில் முட்டி நின்றுவிடும். அந்த மதிலடியில், பழைய வீடொன்றின் மாமரம் வெளியே சாய்ந்து நிற்கும் இடத்தில், சரியாக ஒரு வான் நிறுத்தி விடுகிற அளவுக்கு ஒரு மூலை. வெள்ளவத்தையில் அப்படி ஒரு மூலை கிடைப்பதும் லொத்தர்ச் சீட்டில் பரிசு விழுவதும் ஒன்று. அவருடைய வெள்ளை வான் அங்கேதான் நிற்கும், முதுகு மதிலில், மூஞ்சி காலி வீதியைப் பார்த்து. அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. பெயர் சொல்லி நாங்கள் கூப்பிட்டதும் கிடையாது. வான் அண்ணா என்றால் ஒழுங்கை முழுக்கத் தெரியும்.

உலகத்திலுள்ள எந்தப் பெரிய சாமானையும் அவர் ஒரே கேள்வியால்தான் அளந்தார். அதை எங்கே விடுவது? யாரோ புதிதாகக் கட்டிய கல்யாண மண்டபத்தைப் பற்றி வாய் பிளந்து சொன்னால், வாகனம் எத்தனை விடலாம் என்பார். தேருக்கு யானை வருகிறது என்றால், வந்த யானையை எங்கே நிறுத்துகிறார்கள் என்பார். சந்திரனுக்கு ராக்கெட் போயிருக்கிறது என்று என் தம்பி ஒருநாள் கைபேசியை நீட்டினான். அவர் வலு அக்கறையாகப் பார்த்துவிட்டு, இறங்குகிற இடம் மட்டமான தரையோ என்று கேட்டார். டீசலுக்கு வரிசையில் நின்ற அந்தக் கொடுமையான நாட்களில்கூட, காலி வீதியில் இரண்டு நாள் வானை விட்டிருக்கிறேன், ஒரு பொலிஸ்காரன்கூட எழுப்பவில்லை என்று சந்தோஷப்பட்ட ஒரே மனிதர் அவர்தான்.

இனி எங்கள் பைத்தியத்தைச் சொல்ல வேண்டும். நான் கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் வேலை செய்தேன். வயது இருபத்தைந்து. ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் நானும் தம்பியும் அவனுடைய கூட்டாளி ரிஷாட்டும் கரம் போர்ட்டில் யுத்தம் செய்வோம். ரிஷாட் கொம்பனித்தெருவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவான். கரம் பவுடரைத் தூவி விரலால் ஆறும் மலையும் கீறுவோம். மைசூர்ப் பருப்பு காலாட்படை, கடலை குதிரைப்படை, நெருப்புப்பெட்டி வண்டில். நான்கு மூலை ஓட்டையும் நான்கு மலைப் பள்ளத்தாக்கு. எல்லாவற்றுக்கும் மேலே என்னுடைய டிராகன். புறக்கோட்டை நடைபாதையில் வாங்கிய பச்சைப் பிளாஸ்டிக் உருப்படி. ஒரு சிறகு உடைந்து பிளாஸ்டர் ஒட்டியிருந்தது, ஆனாலும் முகத்தில் திமிருக்குக் குறைவில்லை.

சட்டமெல்லாம் நான்தான் எழுதினேன், தடித்த மட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பியில். சட்டம் எழுதுகிறவள் டிராகனை வேறு ஆளுக்குக் கொடுப்பாளா? என் டிராகன் ஒரு சாண் தூரத்துக்கு நெருப்பு ஊதும். கோட்டை மதில் அதற்கு மதிலே அல்ல, மேலால் வந்துவிடும். அம்பு செதிலில் பட்டு விழும். அதன் நிழலைக் கண்டாலே குதிரைகள் கலைந்து ஓடும் என்று ஆறாம் சட்டம். தம்பியும் ரிஷாட்டும் மாறி மாறிப் பருப்பை அடுக்குவார்கள், நான் மாறி மாறி எரிப்பேன். எரிந்த பருப்பை அம்மா கழுவித் திங்கட்கிழமை கறி வைப்பார். அந்த ஞாயிறுகளில் எனக்கிருந்த சந்தோஷம் பிறகு எந்தச் சம்பள உயர்விலும் வரவில்லை, உண்மையாகச் சொல்கிறேன்.

அப்படி ஒரு ஞாயிறுதான் அவர் முதன்முதலாக எங்கள் கதவைத் தட்டினார். ரிஷாட்டின் மோட்டார் சைக்கிள் அவருடைய வானுக்குக் குறுக்கே நிற்கிறதாம். ரிஷாட் சாவியை எடுத்துக்கொண்டு கீழே ஓட, இவர் வாசலில் நின்றபடியே கரம் போர்ட்டை எட்டிப் பார்த்தார். என்ன இது என்று கேட்டார். சொன்னேன். உள்ளே வரலாமா என்று கேட்டு, செருப்பைப் பார்க் பண்ணிவிட்டு வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு டிராகனைச் சுற்றிச் சுற்றி நடந்தார். பழைய வாகனம் வாங்கப் போகிறவர்கள் அப்படித்தான் நடப்பார்கள்.

"தங்கச்சி, இதுக்கு ரிவர்ஸ் இருக்கோ?"

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இது டிராகன் அண்ணா, பறக்கும் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"பறக்கட்டும். எங்கை இறங்கும்?"

எங்கேயும் இறங்கும் என்றேன், திமிராக. எங்கேயும் என்று ஒரு இடம் கொழும்பிலேயே இல்லை என்றார் அவர். பிறகு வரிசையாகக் கேட்டார். சிறகை விரித்தால் எத்தனை அடி? மடிக்க எவ்வளவு நேரம் எடுக்கும்? ஓடி எழும்புமா, நின்ற இடத்திலேயே எழும்புமா? என்ன தின்னும்? பறந்துகொண்டே தின்னுமா, இறங்கித்தான் தின்னுமா? நெருப்பை வயிற்றில் எவ்வளவு நேரம் வைத்திருக்கும்? ஒரு கேள்விக்கும் என் கொப்பியில் பதில் இல்லை. வெட்கத்தில், அந்த நேரத்தில் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். மூன்று ஆட்டத்துக்கு ஒருதரம் இறங்கி ஆடு தின்னும், எழும்ப ஒரு சாண் ஓட வேண்டும், நெருப்பு ஊறி வந்தால் அடுத்த ஆட்டத்துக்குள் கக்கிவிட வேண்டும். தம்பி அதையெல்லாம் அப்படியே கொப்பியில் எழுதிவிட்டான், பாவி.

அடுத்த ஞாயிறு அவர் எதிர்ப்பக்கம் விளையாட வந்தார். படையை முழுக்கப் பின்னுக்கு இழுத்துவிட்டு, இரண்டு கடலையை மட்டும் ஆடு என்று சொல்லி ஒரு மூலைப் பள்ளத்தாக்கின் வாயில் வைத்தார். மற்ற ஆடெல்லாம் அவருடைய வண்டிலில். என் டிராகனுக்கோ பசி. வேறு வழியில்லாமல் அங்கே இறங்கினேன். உடனே ஆறு நெருப்புப்பெட்டியைக் கொண்டுவந்து அதன் வாலுக்குப் பின்னால் அடைத்தார்.

"முன்னுக்கு மலை. பின்னுக்கு வண்டில். இப்ப எடுங்கோ பாப்பம்."

எடுக்க முடியவில்லை. திரும்ப இடமில்லை, ஓடி எழும்ப ஒரு சாண் இல்லை, ஊதினால் மலைதான் எரியும். ஒரு பருப்புக்கும் காயமில்லாமல் டிராகன் அடைபட்டே பட்டினியில் செத்தது. தம்பியும் ரிஷாட்டும் அவரைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். நான் அழாத குறை. அவரோ செத்த டிராகனைக் கையில் எடுத்து, சிறகின் பிளாஸ்டரைத் தடவிவிட்டு, நல்ல சாமான், விடத்தான் தெரியவில்லை என்றார்.

அதன்பிறகு ஒரு வருடத்துக்கு மேல் அவர் ஞாயிறு தவறாமல் வந்தார், என் டிராகனை விதம் விதமாகக் கொன்றார். தண்ணீர் குடிக்க இறங்கியபோது கொன்றார், மழையில் நனைந்து சிறகு பாரமானபோது கொன்றார், வெற்றி மப்பில் கோட்டைக் கூரையில் ஏறி இருந்தபோது கூரை உடைந்து விழும் என்று சொல்லிக் கொன்றார். ஆனால் நியாயமான மனிதர். மேலே நிற்கும்போது அதுதான் ராசா, அதை ஒருவரும் தொடப்படாது என்று தன் பருப்புக்கே புத்தி சொல்வார். அதன் பெரிய பலம் நெருப்பு இல்லையாம், பயமாம். பிரைவேட் பஸ் வரும்போது ஆட்கள் தாமாகவே ஒதுங்குவதில்லையா, அது இடிக்கிறதாலா ஒதுங்குகிறார்கள் என்று கேட்டார். நான் அதையும் கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

பிறகு ஒழுங்கைக்கு உண்மையான டிராகன் வந்தது.

நடு ஒழுங்கையில் ஒரு வீட்டை இடித்துப் பத்து மாடி கட்டத் தொடங்கினார்கள். கிழமையில் இரண்டு நாள் கொங்கிறீட் போடுவார்கள். அந்த நாட்களில் காலை ஆறு மணிக்கே லொறிகள் வயிற்றைச் சுழற்றிக்கொண்டு வந்து ஒழுங்கையை அடைத்து நிற்கும். வான் உள்ளே மாட்டிவிடும். ஒழுங்கைப் பிள்ளைகளையும் ஹெவ்லொக் டவுன் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு ஏழரைக்கு முன்னால் பள்ளிக்கூட வாசலில் இறக்க வேண்டிய மனிதர், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு லொறிக்குப் பின்னால் நிற்பார். கட்டட வேலையை நடத்துகிற பாஸ் நல்ல மரியாதையான சிங்களப் பொடியன். பத்து நிமிடம்தான் அய்யே என்பான், அண்ணாவுக்கு அவன் பாஷையில் அய்யே. அந்தப் பத்து நிமிடம் முக்கால் மணித்தியாலம் ஓடும். பிள்ளைகள் பிந்திப்போய் வெளியே நின்றார்கள். தாய்மார் ஒவ்வொருவராக வேறு வானுக்கு மாறினார்கள். பதினெட்டுப் பிள்ளைகள் பதின்மூன்று பிள்ளைகளானார்கள்.

வானை இரவில் வெளியே விடலாம்தானே என்று கேட்பீர்கள். மரைன் டிரைவில் ஒருநாள் விட்டார். காலையில் சைட் கண்ணாடி இரண்டையும் காணவில்லை.

அந்த ஞாயிறு அவர் வந்தபோது நான் கரம் போர்ட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாசலுக்குப் போன அம்மா திரும்பி வந்து என் தோளைத் தொட்டார். முகம் மாறியிருந்தது. போய்ப் பார்த்தேன். அவருடைய செருப்பு ஒன்று உள்ளே பார்த்தபடி, மற்றது கவிழ்ந்து கிடந்தது.

விளையாடினார், ஆனால் விளையாடவில்லை. பருப்பையெல்லாம் வெட்டவெளியில் அடுக்கினார், நான் எரித்தேன், அவர் சரி என்றார். எரித்ததில் எனக்கு ஒரு ருசியும் இல்லை. இன்னும் மூன்று பிள்ளைகள் போனால் வானை விற்றுவிட்டு வேறு வேலை தேட வேண்டும் என்று தம்பியிடம் சொன்னார், ஏதோ வேறு யாருடையதோ கதை மாதிரி. எனக்குக் கோபம் வந்தது. போர்ட்டைத் துடைத்தேன். பவுடரில் ஒழுங்கையைக் கீறினேன், இந்தப் பக்கம் காலி வீதி, அந்தப் பக்கம் மதில். நடுவில் டிராகனை வைத்தேன்.

"அண்ணா, இதுக்கு ரிவர்ஸ் இருக்கோ?"

என்னைப் பார்த்தார். ரிவர்ஸ் இருக்கு, திரும்ப இடமில்லை என்றார், விருப்பமில்லாமல். எங்கே இறங்கும் என்று கேட்டேன். ஒழுங்கைக்குள்தான், வேறெங்கே என்றார். வயிற்றில் இருக்கிறதை எவ்வளவு நேரம் வைத்திருக்கும் என்று கேட்டேன். அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். கொங்கிறீட் இறுகிப்போகும் என்று ரிஷாட் மெல்லச் சொன்னான்.

அவர் ஒரு நெருப்புப்பெட்டியை எடுத்து, ஒழுங்கையின் வாயில், காலி வீதியைப் பார்த்தபடி வைத்தார்.

"இறங்கினாப் பிறகு ஒண்டும் செய்யேலாது. இறங்க விட்டாத்தானே."

செவ்வாய்க்கிழமை அறைக்குள் இருக்கப் பொறுக்காமல் நானும் தம்பியும் விடிய எழும்பி பல்கனிக்கு வந்துவிட்டோம். ஐந்தே முக்காலுக்கு வான் ஒழுங்கையின் வாயில் போய் நின்றது, கதவைத் திறந்துகொண்டு. பிள்ளை ஏற்றுகிற ஸ்கூல் வானை யார் என்ன சொல்ல முடியும்? ஒழுங்கையில் ஐந்து பிள்ளைகள். வழக்கமாக அவர்களுக்கு ஹோர்ன் அடித்து அடித்துத் தொண்டை வற்றுகிற மனிதர், அன்றைக்கு இறங்கி நின்று, ஆறுதலாக வாங்கோ, விழுந்து போவீர்கள் என்றார். ஆறுதலாக வரச் சொன்னால் எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? ஒருத்தி சப்பாத்தைக் கையில் கொண்டு வந்து வான் படியில் இருந்து போட்டாள். ஒருவன் தண்ணீர்ப் போத்தலை மறந்து வீட்டுக்குப் போனான், போய் மறுபடியும் போத்தல் இல்லாமலே திரும்பி வந்தான்.

ஆறு மணிக்கு முதல் லொறி வந்து காலி வீதியில் சிக்னல் போட்டது. ஒழுங்கைக்குள் திரும்ப வழியில்லை. அதன் பின்னால் இரண்டாவது. அதன் பின்னால் பஸ்கள், ஹோர்ன், ட்ராபிக் பொலிஸ்காரனின் விசில். இரண்டு பெரிய வயிறும் கரகரவென்று சுழல்கின்றன, கக்க இடமில்லை. பொலிஸ்காரன் எடு எடு என்று இரண்டையும் விரட்டினான். அவை தெஹிவளைப் பக்கம் போய்ச் சுற்றி வந்தன. வந்தபோதும் வான் அங்கேதான். பாஸ் தலையில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான். இன்னும் எவ்வளவு நேரம் அய்யே என்று கேட்டிருக்க வேண்டும், ஏனென்றால் வான் அண்ணா பத்து விரலையும் விரித்துக் காட்டினார்.

அப்போதுதான் அந்தத் தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு ஒரு உருவம் எங்கள் கட்டடத்திலிருந்து வெளியே வந்தது. என் அம்மா. போத்தல்காரப் பையனின் வீடு எங்களுக்கு மேல் மாடி, வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். அம்மாவுக்கு முழங்கால் நோ உண்மைதான், ஆனால் அவ்வளவு நோவை நான் ஒருநாளும் கண்டதில்லை. நாலு அடிக்கு ஒருதரம் நின்றார். சேலையைச் சரிசெய்தார். பாஸுக்கே வழி விட்டுவிட்டுப் பிறகு நடந்தார். நானும் தம்பியும் பல்கனியில் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் இருந்துவிட்டோம், நின்றால் விழுந்திருப்போம்.

வியாழக்கிழமையும் இதே கூத்து. அந்தக் கிழமையே பாஸ் வானடிக்கு வந்து, நீங்கள் எத்தனை மணிக்குப் போவீர்கள் அய்யே என்று கேட்டான். ஆறரைக்கு என்றார். அதன்பிறகு லொறி ஆறே முக்காலுக்குத்தான் வந்தது. இவரும் சும்மா விடவில்லை. ஒரு சனிக்கிழமை நடு ஒழுங்கையில் நின்று, மல்லி, பொட்டக் இன்ன, தம்பி கொஞ்சம் நில் என்று சாரதியை நிறுத்தி, கையைக் காட்டிக் காட்டி அந்தப் பெரிய லொறியை ரிவர்ஸில் உள்ளே எடுப்பித்தார். அன்றிலிருந்து எல்லா லொறியும் காலி வீதியைப் பார்த்தபடிதான் நின்றது. போன பிள்ளைகளில் நாலு பேர் திரும்பி வந்தார்கள். செருப்பும் சுவரோடு ஒட்டி நின்றது.

பத்து மாடியும் எழும்பி முடிய, மாமரத்து வீட்டையும் விற்றுவிட்டார்கள். மதிலை உடைத்து அங்கேயும் பிளாட். வாகனம் விட நிலத்துக்குக் கீழே இரண்டு தட்டு வருமாம், ஆனால் குடியிருப்பவர்களுக்கு மட்டும். அந்த மூலை போகப் போகிறது. ஒரு மாதம் வெள்ளவத்தை முழுக்க வானோடு சுற்றினார். வத்தளையில் மச்சானின் வளவில் இடமிருந்தது. அங்கேயும் பள்ளிக்கூடம் இருக்குத்தானே தங்கச்சி என்றார்.

கடைசி ஞாயிறு நான் டிராகனை எடுத்து அவருடைய கையில் வைத்தேன். அத்தனை நாளில் முதல்முறையாக அவர் டிராகன் பக்கம், நான் பருப்புப் பக்கம். அவரிடம் கற்றதையெல்லாம் வைத்து அவரை மடக்கிக் காட்ட வேண்டும் என்று ஆட்டையெல்லாம் பள்ளத்தாக்கு வாயில் கட்டினேன், வண்டிலை ஒளித்து வைத்தேன். அவர் இறங்கின இடமே வேறு. ஆறும் கொஞ்ச ஆடும் பக்கத்திலேயே இருந்த ஒரு மூலையாகப் பார்த்து, டிராகனை மெல்லத் திருப்பி, இரண்டு பக்கமும் பார்த்து, ரிவர்ஸில் உள்ளே விட்டார். முதுகு மலையில், மூஞ்சி வெளியில். அதோடு கையை எடுத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்தார்.

என் படையால் கிட்டப் போகவும் முடியவில்லை, போனால் ஊதும். விட்டுவிட்டு வேறு பக்கம் போகவும் முடியவில்லை, முதுகைக் காட்டினால் வந்துவிடும். இருநூறு பருப்பும் பின்னேரம் முழுக்க நின்ற இடத்திலேயே நின்றன. தம்பி கொட்டாவி விட்டான். நான் பொறுமை இழந்து, அண்ணா, நீங்கள் ஒருக்காலும் பறக்க மாட்டீங்களோ என்று கேட்டேன்.

"பறந்தா இடம் போயிடும், தங்கச்சி."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நாங்களும் சிரித்தோம், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். பிறகு நான் டிராகனைத் துடைத்து அவருடைய சட்டைப் பையில் வைத்துவிட்டேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் போனார். வெளியே எடுக்க அவருக்கு அரை நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் பிள்ளையாருக்குப் பக்கத்தில் பச்சையாக ஒன்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. நான் வேலைக்கு அரை நாள் லீவு போட்டிருந்தேன். பல்கனியில் அம்மாவும் நானும் அந்த வெறும் மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மதிலை உடைக்க இன்னும் ஒரு மாதம் இருந்தது.

அரை மணித்தியாலம் ஆகவில்லை. தெரியாத ஒரு சிவப்புக் கார் ஒழுங்கைக்குள் வந்தது, மூலையைக் கண்டது, நேரே போய் மதிலில் மூக்கை வைத்து நின்றது. ஒரு பொடியன் இறங்கிக் கதவைப் பூட்டினான். அம்மா பல்கனிக் கம்பியைப் பிடித்துக் குனிந்தார்.

"தம்பி, திருப்பி விடுங்கோ. இஞ்சை நாங்கள் அப்பிடி விடுறேல்லை."